மன்னன் ஓடினான், மக்கள் நின்றனர்!

"1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது." பாடநூல் தருவது இந்த ஒரே வரி. மாணவர் மனப்பாடம் செய்வர். தேர்வு முடிந்ததும் மறப்பர். ஆனால் அந்த வரிக்குள்ளே ஒரு சர்வாதிகாரியின் சரிவும், ஒரு மன்னனின் ஓட்டமும், ஒரு நாட்டு மக்களின் எழுச்சியும் புதைந்து கிடக்கின்றன.

முசோலினியைப் பதவியில் அமர்த்தியவர் யார்? மக்களா? அல்ல. 1922 அக்டோபர் 28இல் பாசிஸ்டுப் படையினர் ரோம் நகர் நோக்கிக் கிளம்பினர். அவர்களைத் தடுத்து நிறுத்த அமைச்சரவை ஓர் ஆணை தீட்டிற்று. மன்னன் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அதில் கையெழுத்திட மறுத்தான். மறுத்ததோடு நில்லாமல், முசோலினியையே அழைத்து ஆட்சியை ஒப்படைத்தான்! பின்னர் 1938இல், யூத மக்களின் உரிமையைப் பறித்த சட்டங்கள் வந்தன. அவற்றில் அவன் பேனா தயங்கவில்லை. இடவேண்டிய இடத்தில் மறுத்த கை, மறுக்கவேண்டிய இடத்தில் இட்டது. கூலி கிடைக்காமலா? 1936இல் அபிசீனியப் பேரரசன் என்ற பட்டம். 1939இல் அல்பேனிய மன்னன் என்ற மற்றொரு பட்டம்!

1940 ஜூன் 10. பிரான்சு வீழ்ந்துகொண்டிருந்த வேளை. வெற்றி விருந்தில் தனக்கும் ஓர் இலை விழும் என்று கருதி, முசோலினி போரில் குதித்தான். எண்பது இலட்சம் துப்பாக்கி முனைகள் தன்னிடம் உண்டென்று முழங்கியவன் அவன். முழக்கம் பெரிது, முடிவு என்ன? அக்டோபர் 28இல் கிரேக்கத்தின்மீது பாய்ந்தான். கிரேக்கர் அவன் படையை அல்பேனியாவுக்குள்ளேயே விரட்டினர். மீட்க இட்லரின் படை வரவேண்டியதாயிற்று. ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரரில் பல்லாயிரவர் பனியிலே மடிந்தனர். 1943 மே மாதம் துனீசியாவும் கைவிட்டுப் போயிற்று.

களத்திலே தோல்வி, வீட்டிலே பசி. 1943 மார்ச்சில் தூரின் நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இருபதாண்டு அடக்குமுறையில் வாயடைத்திருந்தவர்கள் வாய் திறந்தனர். அந்த ஒலி அரண்மனையின் காதிலும் விழுந்தது. ஜூலை 10இல் நேச நாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கின. ஜூலை 19இல் ரோம் நகரின்மீதே குண்டுகள் வீழ்ந்தன.

ஜூலை 24 மாலை பாசிஸ்டுப் பெருங்குழு கூடிற்று. 1939க்குப் பிறகு அதுவே முதற்கூட்டம்! விடிய விடிய விவாதம். படைத் தலைமையை மன்னனிடம் திருப்பித் தரவேண்டும் என்ற கிராந்தியின் தீர்மானத்தை 19 பேர் ஆதரித்தனர். அவர்களுள் ஒருவன் சியானோ, முசோலினியின் சொந்த மருமகன்! மறுநாள் மன்னனைக் காணச் சென்ற முசோலினி, நோயாளிகளை ஏற்றும் வண்டியில் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டான். அவனுக்காக உயிரையும் தருவோம் என்று உறுதி கூறிய இலட்சக்கணக்கான கட்சியினரில் எழுந்து நின்றவர் எவர்? அச்சத்தால் கட்டப்பட்ட கோட்டைக்கு அடித்தளம் இல்லை என்பது ஒரே இரவில் விளங்கிற்று.

ஆனால் மன்னன் காக்க நினைத்தது நாட்டையா, முடியையா? அடுத்த 45 நாட்கள் விடை கூறுகின்றன. புதிய தலைவர் படோலியோ "போர் தொடரும்" என்று வெளியே அறிவித்தார். உள்ளே நேச நாடுகளுடன் இரகசியப் பேச்சு நடந்தது. அந்த இடைவெளியில் ஜெர்மன் படைகள் ஆல்ப்ஸ் கணவாய்கள் வழியே நாட்டில் நிறைந்தன. செப்டம்பர் 3இல் சிசிலியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8ஆம் நாள் மாலை வானொலி அதை அறிவித்தது. 9ஆம் நாள் விடியுமுன் மன்னனும் படோலியோவும் தலைநகரைவிட்டுக் கிளம்பினர். கப்பலேறிப் பிரிண்டிசி சேர்ந்தனர்.

படைகளுக்குத் தெளிவான கட்டளை உண்டா? இல்லை. யாரைச் சுடுவது, யாருக்குப் பணிவது என்றே அறியாது வீரர் திகைத்தனர். 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மன் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். இட்லருக்காகப் போரிட இசைந்தால் விடுதலை என்றபோதும், அவர்களில் பெரும்பாலோர் மறுத்தனர். கெபலோனியாத் தீவில், ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்து எதிர்த்துப் போரிட்ட படையினர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். செப்டம்பர் 27 முதல் 30 வரை நேப்பிள்ஸ் நகர மக்கள் தெருத்தெருவாகப் போரிட்டனர். சிறுவரும் ஆயுதம் ஏந்தினர். அக்டோபர் 1இல் நேச நாட்டுப் படை நகருள் நுழைந்தபோது ஜெர்மானியர் அங்கில்லை! முடி தரித்தவன் ஓடினான். முடி தரியாதவர் நின்றனர்.

ஜெர்மானியர் முசோலினியை மீட்டு, வட இத்தாலியில் ஒரு பொம்மையாட்சி அமைத்துத் தந்தனர். அதனால் நாடு மேலும் ஏறத்தாழ இருபது மாதம் இரத்தம் சிந்திற்று. 1945 ஏப்ரல் 28இல் விடுதலைப் போராளிகள் அவனைச் சுட்டுக் கொன்றனர்.

எஞ்சியது மன்னனின் கணக்கு. 1946 மே மாதம் மகன் உம்பர்ட்டோவிடம் முடியைக் கொடுத்துவிட்டு எகிப்துக்குச் சென்றான். ஆள் மாறினால் மக்கள் மறப்பர் என்று எண்ணினான் போலும்! ஜூன் 2இல் மக்கள் வாக்களித்தனர். நாடு தழுவிய வாக்கெடுப்பொன்றில் இத்தாலியப் பெண்கள் பங்குகொண்டது அதுவே முதன்முறை. குடியரசுக்கு ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம் வாக்குகள். முடியாட்சிக்கு 1 கோடியே 7 இலட்சம். 1948இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அவ்வரச மரபின் ஆண் வாரிசுகள் நாட்டுக்குள் நுழைவதையே தடுத்தது. 2002 வரை அத்தடை நீடித்தது.

1922இல் ஒரு மன்னனின் கையெழுத்தின்மையால் தொடங்கிய கொடுமையின் கணக்கை, 1946இல் பல இலட்சம் எளியோரின் வாக்குச்சீட்டுகள் தீர்த்தன. அவர்களுள் எத்தனையோ தாய்மார்கள், ரஷ்யப் பனியில் மகனை இழந்தவர்கள். அரியணையைக் கேள்வி கேட்கும் உரிமை முன்னரே அவர்களிடம் இருந்திருந்தால், அந்த மகன்கள் வீடு திரும்பியிருப்பார்கள் அல்லவா?