கட்டுப்படியாகும் ஊர்: அருப்புக்கோட்டை–திருச்சுழி வானம்பார்த்த பூமியின் வாழ்தகவு

ஓர் ஊரில் குடியிருந்தால் என்னென்ன கிடைக்கும், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று சேர்த்துப் பார்ப்பதே வாழ்தகவு மதிப்பீடு. விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது. "கட்டுப்படியாகுமா?" என்று ஒரே சொல்லில் கேட்டுவிடுவார்கள். விவசாயம், கடை, வாடகை, காதணி விழா எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். பெண் கொடுக்கப் போகும் ஊரைப் பற்றி விசாரிக்கும்போது தண்ணீர் முதலில் வரும், பஸ் அடுத்து வரும். மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றிய பேச்சு அதன்பிறகுதான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய இரண்டு வட்டங்களும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1985 மார்ச்சில் அந்த மாவட்டம் பிரிந்தபோது விருதுநகர் பக்கம் வந்தன. நிலம் பெரும்பாலும் கரிசல். மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். குண்டாறு திருச்சுழியை ஒட்டி ஓடுகிறது. ஓடுகிறது என்று எழுதுவது வழக்கத்துக்காகத்தான், ஆண்டில் பெரும்பகுதி அது மணல்வெளி. பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திச் சுழியாக்கிப் பூமிக்குள் இறக்கியதால் திருச்சுழி என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. வெள்ளத்தால் பெயர் பெற்ற ஊர், இன்று குடத்தை வரிசையில் வைத்து உட்கார்ந்திருக்கிறது.

நாட்டுப்புற வட்டாரங்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் வேர்விட்டது. அந்நாட்டு வேளாண் துறை 1999இல் 'இயற்கை வசதி அளவுகோல்' ஒன்றை வெளியிட்டது. ஜனவரியின் வெப்பம், ஜனவரியின் வெயில், கோடையின் மிதம், கோடையில் காற்றின் ஈரப்பதம், நிலத்தின் ஏற்ற இறக்கம், நீர்ப்பரப்பு ஆகிய ஆறையும் கொண்டு ஒவ்வொரு கவுண்டிக்கும் மதிப்பெண் இட்டார்கள். 2015இல் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் கிறிஸ்டோபர் இங்கிரஹாம் இந்தப் பட்டியலைத் தோண்டியெடுத்து, மினசோட்டா மாநிலத்தின் ரெட் லேக் கவுண்டி கடைசி இடத்தில் இருப்பதை எழுதினார். ஏறத்தாழ 4,000 பேர் வாழும் அந்தக் கவுண்டி மக்கள் கொதித்துப்போய், ஒருமுறை வந்துதான் பாருங்களேன் என்று அவரை அழைத்தார்கள். போய்ப் பார்த்தவர், 2016இல் குடும்பத்தோடு அங்கேயே குடியேறிவிட்டார். வீட்டுச் செலவு குறைந்தது, பயணத்தில் கரைந்த நேரம் திரும்பக் கிடைத்தது, அக்கம்பக்கத்தார் முகம் பார்த்துப் பேசினார்கள். அளவுகோலில் இவற்றுக்கெல்லாம் கட்டமே கிடையாது.

இந்த அளவுகோலைத் திருச்சுழிக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தை மாத வெப்பத்துக்கும் வெயிலுக்கும் முழு மதிப்பெண். ஆடிக் காற்றில் ஈரம் கிடையாது என்பதால் அதற்கும் மதிப்பெண். அவர்களுடைய கோடை ஆடியில்தான் என்பதால் சித்திரை வெயிலைக் கேட்கவே மாட்டார்கள். கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழியில் அளந்தால் நீர்ப்பரப்பிலும் தப்பித்துவிடலாம். வெயில் ஒரு சொத்து என்பதை இந்தச் சீமையும் அறியும். பக்கத்துக் கமுதியில் 2016இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அந்த வெயிலைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறது.

இந்திய அளவுகோல்கள் இவ்வளவு தூரம் இறங்கி வருவதில்லை. மத்திய அரசின் 'எளிதான வாழ்வு' குறியீடு 111 நகரங்களோடு நின்றுவிட்டது, அருப்புக்கோட்டை அதில் இல்லை. 2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டம் மாவட்டத்தை அளந்தது. நாடு முழுவதும் 112 மாவட்டங்கள் அதில் இருந்தன, தமிழ்நாட்டிலிருந்து இரண்டே இரண்டு: இராமநாதபுரமும் விருதுநகரும். ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொல்லலாம். மதிப்பெண்ணில் உடல்நலமும் ஊட்டச்சத்தும் 30 சதவீதம், கல்வி 30, வேளாண்மையும் நீரும் 20. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநில முதலிடம் பிடித்து, 2023இல் 97.85 சதவீதத்தோடு மறுபடியும் முதலிடத்துக்கு வந்த விருதுநகர் மாவட்டம் பின்தங்கியவர்களின் பட்டியலில் இருந்தது. இரண்டும் பொய்யில்லை. பிள்ளை தேறிவிடுவான், தேறியபின் ஊரில் செய்வதற்கு வேலை இருக்காது.

தண்ணீருக்கு வருவோம். பல கிராமங்களில் போர் போட்டால் உவர்நீர்தான் வரும். துணி துவைத்தால் நுரை வராது, பருப்பு வேகாது. குடிநீர் ஒரு காலத்தில் ஊருணியிலிருந்து வந்தது. காலை நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்று கட்டுப்பாட்டோடு காத்த ஊருணிகள் இன்றும் சில ஊர்களில் உண்டு. இப்போது வைகையையும் தாமிரபரணியையும் நம்பிய கூட்டுக்குடிநீர்த் திட்டங்கள். குழாய்க் கடைசியில் இருக்கும் ஊருக்குத் தண்ணீர் எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்பது அந்தத் தெருப் பெண்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கில் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் சேர வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு 220 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்குச் சுமார் 15 லிட்டர் என்று வைத்தால் தினம் பதினைந்து குடம். குழாய் வராத நாளில் அந்தப் பதினைந்து குடத்தையும் யாரோ தூக்கியாக வேண்டும். அதற்காகவே இந்தப் பக்கத்து வாசல்களில் குடம் வைக்கிற இரும்புத் தள்ளுவண்டி நிற்கும். குழந்தை நடக்கப் பழகுவதும் சில நேரம் அதைப் பிடித்துத்தான். இடுப்பிலும் தலையிலுமாகச் சுமந்த காலத்தோடு பார்த்தால் அது பெரிய விடுதலை. வண்டியும் கிடைக்காதபோது டிராக்டர் தண்ணீர் இருக்கிறது. குடத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்குவார்கள். குழாய்க்கு வரி கட்டி, குடத்துக்கும் காசு கொடுக்கும் வீட்டின் உண்மையான தண்ணீர்ச் செலவு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஒரே இடத்தில் இருக்காது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட 14,400 கோடி ரூபாய் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்தின் கடைசி ஆறுதான் திருச்சுழியின் குண்டாறு. பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்தவரின் பொறுமை இந்த ஊருக்கு உண்டு.

மனை மலிவு என்பதை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர் கரிசலைக் கணக்கில் எடுப்பதில்லை. மழையில் ஊதி, கோடையில் சுருங்கும் மண் இது. பங்குனியில் தரை பாளம் பாளமாக வெடித்து, கையை விட்டால் முழங்கை வரை போகும் அளவுக்கு வாய் பிளக்கும். அதன்மேல் சாதாரண அஸ்திவாரத்தில் எழுப்பிய சுவரும் அதே போக்கில் விரியும், கதவு கார்த்திகையில் பிடிக்கும், மாசியில் ஆடும். கரிசலைத் தோண்டி அள்ளிவிட்டுச் சரள் மண் கொட்டி இறுக்கித்தான் கட்ட வேண்டும். மனையில் மிச்சம் பிடித்த காசு மண்ணுக்குள் போய்விடும் என்பது கொத்தனார் சொல்லும் முதல் கணக்கு. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அரசு தரும் 3.5 லட்சம் ரூபாய்க்குச் செம்மண் பூமியில் கிடைக்கிற வீடும் கரிசலில் கிடைக்கிற வீடும் ஒன்றாக இருக்காது.

அமெரிக்காவில் வருமானத்தில் 30 சதவீதத்துக்குமேல் வீட்டுக்குப் போனால் அது சுமை என்று கணிப்பார்கள். இங்கே அந்த விதி செல்லாது. கிராமத்தில் வாடகை வீடே அபூர்வம், இருப்பது பாட்டன் வீடு. சுமை வேறு இடத்தில் இருக்கிறது. 2022-23 குடும்ப நுகர்வுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் ஒருவருக்கு மாதம் 5,310 ரூபாய் செலவு என்று வந்தது, இந்தியக் கிராமங்களின் சராசரி 3,773. நான்கு பேருக்குப் பெருக்கினால் மாதம் 21,240. நூறு நாள் வேலையின் தினக்கூலி 2025-26இல் 336 ரூபாயாக இருந்தது. நூறு நாளும் கிடைத்து, முழுக்கூலியும் வந்திருந்தால் ஆண்டுக்கு 33,600. மாநிலச் சராசரிக் குடும்பத்தின் ஒன்றரை மாதச் செலவுக்குச் சற்று மேல். மீதிப் பத்து மாதத்தை மானாவாரி நிலமும் மில்லும் வெளியூர்ப் பணமும்தான் தாங்க வேண்டும்.

மானாவாரியில் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய், குதிரைவாலி. மழைக்கு முன்பே விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். முதல் மழை ஏய்த்து இரண்டாம் மழை தாமதமானால் விதைச் செலவு இரட்டிப்பாகும். 2018க்குப் பின் படைப்புழு மக்காச்சோளத்தைக் குடைந்தது, புழு விட்டதைக் காட்டுப்பன்றி உழுதது. கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இந்த வறட்சிக்கேற்ற ரகங்களுக்காகவே வேலை செய்கிறது. தரிசாய்ப் போன நிலத்தில் சீமைக் கருவேலம் ஏறிக்கொண்டது. 2017இல் அதை வேரோடு அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது ஊர் இரண்டாகப் பேசியது. நிலத்தடி நீரைக் குடிக்கும் சனியன் என்பார் ஒருவர். விளைச்சல் பொய்த்த ஆண்டில் கரிமூட்டம் போட்டுத்தானே பிள்ளைக்குப் பீஸ் கட்டினோம் என்பார் இன்னொருவர்.

செலவுப் பக்கத்தில் இந்தச் சீமையைத் தூக்கி நிறுத்துவது ரேஷன் கடை. அரிசிக்கு 2011 ஜூன் முதல் காசில்லை. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், இரண்டு கிலோ சர்க்கரை எல்லாம் சேர்ந்து 105 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம், 2023 செப்டம்பரிலிருந்து தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். பள்ளியில் மதிய உணவு. காமராசர் அதை 1956இல் தொடங்கிய எட்டயபுரம், அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி சாலையில் தெற்கே போனால் வரும் ஊர்தான். அடுப்பெரிய இவ்வளவும் போதும். சேமிப்பைக் கரைப்பது விசேஷ வீடுகள். தாய்மாமன் சீர், மொய், செய்முறை என்று நோட்டில் எழுதிவைத்த கடனெல்லாம் ஆவணியிலும் தையிலும் ஒன்றாக வந்து நிற்கும். நுகர்வுக் கணக்கெடுப்பில் இதற்கு எந்தத் தலைப்பு பொருந்தும் என்று யோசிக்க வேண்டும்.

பஸ். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயணத்துக்குப் பணம் போவதில்லை, ஆனால் காத்திருக்கும் நேரத்தை எவரும் திருப்பித் தருவதில்லை. காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியத்துக்குத்தான் என்ற ஊரில் அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்க ஒருநாள் கூலி போய்விடும். மில் வண்டி மட்டும் நேரம் தவறாது. விடியுமுன் ஊர் ஊராக நுழைந்து ஆளேற்றிக்கொண்டு நூற்பாலைக்குப் பறக்கும். விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதை அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியே போகிறது. 2013இல் அகலப் பாதையான பிறகும் பக்கத்து ஊருக்குப் போக ரயிலை நினைப்பவர் குறைவு, சென்னைக்குப் போகத்தான் அது.

அருப்புக்கோட்டை நகரத்தின் நிலை வேறு. 2011 கணக்கெடுப்பில் 87,722 பேர். கைத்தறிச் சேலையும் நூற்பாலையும் மல்லிகைப் பூவும் கொண்ட ஊர். அரும்புக்கோட்டைதான் அருப்புக்கோட்டை ஆனது என்று பூ வியாபாரிகள் பெருமையாகச் சொல்வார்கள். 1970லிருந்து இரண்டு கலைக் கல்லூரிகள், நான்குவழிச் சாலையில் மதுரை ஏறத்தாழ ஒரு மணி நேரம், மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் விருதுநகர். அங்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. திருச்சுழிக்கு 2021இல் ஓர் அரசு கலைக் கல்லூரி அறிவிக்கப்பட்டது. 1977இல் அருப்புக்கோட்டையில் வென்ற எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 2021இல் அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய இரு தொகுதிகளிலும் வென்றவர்கள் அமைச்சர்களானார்கள். அதிகாரத்துக்குப் பஞ்சமில்லாத வறட்சிப் பகுதி என்று யாராவது கிண்டல் செய்தால் மறுப்பது கடினம்.

வெளியேறுவது இங்கே புதிதில்லை. திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமண மகரிஷியும் 1892இல் தந்தை இறந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டுக்குப் போனவர்தான். இன்று திருப்பூர், சென்னை, கேரளம், வளைகுடா. மாசி சிவராத்திரிக்குக் குலசாமியைக் கும்பிட வேன் வேனாக வந்து இறங்குவார்கள். பூட்டிக் கிடந்த வீடுகள் இரண்டு நாள் திறக்கும், டிராக்டர் தண்ணீருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். ஓய்வுபெற்றுத் திரும்புகிறவர்களில் பலர் சொந்தக் கிராமத்துக்குப் போவதில்லை. அருப்புக்கோட்டையிலோ பாளையம்பட்டியிலோ மருத்துவமனைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கமாக மனை பார்க்கிறார்கள். கிராமத்து வீட்டுச் சாவி அடுத்த வீட்டு மதினியிடம் இருக்கிறது. மழை பெய்து சுவர் விரிந்தால் அவர்தான் போன் போட்டுச் சொல்வார்.