உளுந்தூர்பேட்டை: ஓடுதளம் இருக்கு, ஏர்போர்ட் இல்லை

சென்னையிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போயிருப்பீங்க. திண்டிவனம், விழுப்புரம் தாண்டினா உளுந்தூர்பேட்டை. பாதிப் பேர் அப்போ தூக்கத்தில் இருப்போம். அந்த ஊர்ப் பக்கம் விமான ஓடுதளம் ஒண்ணு இருக்குன்னு எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

கதை இரண்டாம் உலகப் போர்ல ஆரம்பிக்குது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. ஏப்ரல் 5ல் கொழும்பு மேல குண்டு. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. மதராஸ்ல ஜனங்க மூட்டை கட்டினாங்க, அரசு அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு நகர்ந்தன. கடலைக் காவல் காக்க விமானம் வேணும், விமானம் இறங்க இடம் வேணும். சோழவரம், சூலூர், கயத்தாறு, உளுந்தூர்பேட்டை எல்லாம் அந்தப் போர்க்கால ஓடுதளங்கள்தான்.

1945ல் போர் முடிஞ்சது. சூலூர் விமானப்படைத் தளமா நிலைச்சது. சோழவரத்தில் கார் ரேஸ் ஓடிச்சு. உளுந்தூர்பேட்டை சும்மா கிடந்தது. தென்னார்க்காடு போய், 1993ல் விழுப்புரம் மாவட்டம், 2019ல் கள்ளக்குறிச்சின்னு முகவரிதான் மாறிச்சு.

ஏன் அது ஏர்போர்ட் ஆகலை? ஓடுதளம்ங்கிறது வெறும் தரை. விமானத்துக்கு எரிபொருள் வேணும், தயாரா நிக்கிற தீயணைப்பு வண்டி வேணும், வானிலைத் தகவல் வேணும், "இப்போ இறங்கலாம்"னு சொல்ல கன்ட்ரோல் டவர் வேணும். எதிர்காற்றில் இறங்கினாதான் விமானம் சீக்கிரம் நிக்கும். அதனால காற்று எந்தப் பக்கம்னு காட்ட ஒரு துணிக்குழாய்கூட வேணும். இத்தனையும் சேர்ந்தாதான் ஏர்போர்ட்.

பக்கத்துப் புதுச்சேரியில் இதுக்கு நேர்மாறு. ஏர்போர்ட் இருக்கு, ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். விசிறி வெச்ச ஏ.டி.ஆர். விமானத்துக்கு அது போதும். ஏர்பஸ் மாதிரி பெரிய ஜெட்டுக்குப் பத்தாது. நீட்டணும்னா விழுப்புரம் மாவட்டத்து நிலம் வேணும்.

இங்கதான் எனக்கு 1942 ஞாபகம் வருது. அன்னைக்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி அரசு நிலத்தை எடுத்துக்கலாம். உழுறவன் பேச இடமே இல்லை. இன்னைக்கு அவர் கேள்வி கேட்கலாம்: இதில் யார் பறப்பாங்க? எத்தனை வருஷம் விமானம் வரும்? உளுந்தூர்பேட்டையைப் பார்த்தவங்க அந்தக் கேள்வியைத் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. அடுத்த தடவை அந்த வழியா போனா, கொஞ்சம் முழிச்சிருங்க.