பராக்கிரம சமுத்திரத்து மீன்வளம்

இலங்கையின் பொலனறுவையில் 12-ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னன் விரித்தமைத்த பராக்கிரம சமுத்திரம், நெல் வயல்களுக்கென எழுந்த ஏரியாகும். இயற்கைப் பேரேரிகள் இல்லாத அத்தீவில், ஆற்று மீன்கள் பலவும் தேங்கிய நீரில் பெருகவில்லை. 1952-இல் ஆப்பிரிக்கத் திலாப்பியா அங்கே கொணரப்பட்டது; நாம் ஜிலேபிக் கெண்டை என்பது அதனையே. அது குளங்களில் பல்கியது. கடலுக்குத் தொலைவிலுள்ள உழவர் இல்லங்களுக்கும் மலிவாக மீன் கிடைத்தது. செவுள் வலை வீசுவோர்க்குப் பிழைப்பும் உண்டாயிற்று.

உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமயக் கருத்தால், 1990-இல் உள்நாட்டு மீன்பிடிக்கு அரசின் ஆதரவு நின்றது. கண்காணிப்பு நீங்கவே சிறுகண் வலைகள் மிகுந்தன, மீன்வளம் குன்றியது. 1994-இல் ஆதரவு மீண்டது.

முன்னோர் தேக்கிய நீர், அவர் எண்ணாத பசியையும் ஆற்றவல்லது; ஆயின், காப்பார் வேண்டும்.