94-ல் தொடங்கிய எக்ஸ்-மென்

எக்ஸ்-மென் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ஹ்யூ ஜாக்மேன் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். தப்பில்லை. ஆனால் அந்த வுல்வரினே முதல் பன்னிரண்டு வருடம் எக்ஸ்-மென்னில் கிடையாது என்று சொன்னால் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஆரம்பித்தபோது இருந்தது ஐந்து வெள்ளை அமெரிக்கப் பிள்ளைகளும், சக்கர நாற்காலியில் ஒரு வாத்தியாரும். ஸ்டார்ம், நைட்கிராலர், கொலோசஸ் எல்லாம் 1975-ல் நடந்த மறுதொடக்கத்தில் வந்தவர்கள். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் எத்தனையோ மறுதொடக்கங்கள் நடந்திருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை அதற்கு இணையாக இன்னொன்று கிடையாது. பி.காம். படிக்கிற பாவத்தால் இதைக் கதையாக மட்டும் பார்க்க முடியவில்லை, கொஞ்சம் வரவு செலவும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதல் தொடர் சரியாக விற்கவில்லை. 1970-ல் 66-வது இதழோடு புதுக் கதைகள் நின்றுபோயின. ஆனால் பத்திரிகை சாகவில்லை. 67-லிருந்து 93 வரை பழைய கதைகளையே திரும்ப அச்சடித்து விற்றார்கள். புதிதாக எழுதவோ வரையவோ பக்கக் கூலி கொடுக்க வேண்டாம், காகிதமும் மையும் இருந்தால் போதும். உயிர் இருக்கிறது, ஆனால் எழுந்து நடக்கவில்லை என்ற நிலையில் ஐந்து வருடம்.

இதை எழுப்பி உட்கார வைத்த யோசனை கலைஞனுடையது அல்ல, வியாபாரியுடையது. அப்போது மார்வெலின் தலைவராக இருந்தவர் ஆல் லாண்டாவ். பல நாட்டு வீரர்கள் உள்ள ஒரு குழுவை உருவாக்கினால் அந்தந்த நாடுகளில் புத்தகத்தை விற்கலாமே என்பது அவர் கணக்கு. ஆசிரியர் ராய் தாமஸ் அதைப் பிடித்துக்கொள்ள, கடைசியில் வேலை எழுத்தாளர் லென் வைனிடமும் ஓவியர் டேவ் காக்ரமிடமும் வந்து சேர்ந்தது.

அவர்கள் பிடித்த நாடுகளைப் பாருங்கள். கென்யாவிலிருந்து ஸ்டார்ம். சைபீரியக் கூட்டுப்பண்ணையிலிருந்து கொலோசஸ். ஜெர்மனியிலிருந்து நைட்கிராலர். அப்பாச்சி இனத்துத் தண்டர்பேர்ட். ஏற்கெனவே வேறு கதைகளில் வந்திருந்த அயர்லாந்து பான்ஷி, ஜப்பான் சன்ஃபயர், 1974-ல் ஹல்க்கோடு சண்டை போட வந்த கனடா வுல்வரின். 1975-ல் சோவியத் யூனியனில் போய் யார் மார்வெல் காமிக்ஸ் விற்பது? விற்பனைத் திட்டம் என்று பார்த்தால் எங்கள் மார்க்கெட்டிங் பேப்பரில்கூட பாஸ் மார்க் வாங்காது. ஆனால் அந்த அசட்டுத் திட்டத்தில்தான், பக்கத்து வீட்டு அமெரிக்கப் பையன்களை விட்டு வெளியே வந்த ஒரு குழு கிடைத்தது. பிறப்பிலேயே வித்தியாசமானவர்கள், ஊர் வெறுக்கிற பிள்ளைகள் என்று 1963-லிருந்தே எக்ஸ்-மென்னுக்கு விளக்கம் சொல்லி வந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் அது புரிந்தது நீல நிற உடம்பும் வாலுமாக நைட்கிராலர் வந்த பிறகுதான். (காக்ரம் இவனை முதலில் டிசி கம்பெனியின் வேறொரு தொடருக்காக யோசித்து, அங்கே வேண்டாம் என்றுவிட்டார்கள். டிசிக்கு இது எப்பேர்ப்பட்ட நஷ்டம்!)

1975-ல் வந்த 'ஜெயண்ட் சைஸ் எக்ஸ்-மென்' தனி இதழ், விலை 50 சென்ட். உயிருள்ள தீவு க்ராகோவாவில் மாட்டிக்கொண்ட பழைய குழுவை மீட்கப் புதுக் குழு போகிறது. கதை ரொம்பப் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். விறுவிறுப்பாகப் போகும், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒரு பெரிய இதழ் என்பது திட்டம். அது மாறி, இரண்டாவது இதழுக்கான கதையை இரண்டாக வெட்டிப் பழைய தொடரிலேயே போட்டார்கள். 93-க்கு அடுத்து 94. அட்டையில் 1 என்று மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பெரிய நம்பர் இருந்தால் நிலைத்து நிற்கிற பத்திரிகை என்று நினைத்த காலம் அது.

லென் வைனுக்கு வேறு வேலை அதிகமாகிவிட, வசனம் எழுத வந்தார் இளைஞர் கிறிஸ் கிளேர்மான்ட். 95-வது இதழிலேயே தண்டர்பேர்ட் செத்துப்போகிறான். வந்த மூன்றாவது இதழில் ஒரு ஹீரோ காலி! இந்தக் குழுவில் யாருக்கும் உத்தரவாதம் இல்லை என்று வாசகனுக்குப் புரிந்துவிட்டது. முரட்டுக் கோபக்காரன் என்ற இடத்துக்கு ஏற்கெனவே வுல்வரின் இருக்கிறான், இவன் எதற்கு என்பது அவர்கள் சொன்ன காரணம். இருந்த ஒரே செவ்விந்தியனைக் கொன்றதை என்னால் இன்றும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. குணத்தை மாற்றி எழுதியிருக்கலாமே, சோம்பேறித்தனம்!

அடுத்த மூன்று வருடம் இரண்டு மாதத்துக்கு ஒரு இதழ்தான். 1977-ல் காக்ரம் விலகி ஜான் பைர்ன் வந்தார். 1978-ல் மாத இதழானது. 1980-ல் டார்க் ஃபீனிக்ஸ் கதை. ஜீன் கிரே ஒரு முழுக் கிரகத்தையே அழிக்கிறாள். சக்தியை மட்டும் பறித்து அவளை உயிரோடு விடுவதாகத்தான் முதலில் முடிவு. இத்தனை கோடி உயிரைக் கொன்றவளுக்கு அந்தத் தண்டனை போதாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பிடிவாதம் பிடிக்க, 137-வது இதழில் அவள் தன்னையே அழித்துக்கொள்கிறாள். எழுதியவர்கள் சண்டை போட்டார்கள். ஆனால் ஷூட்டர் கேட்டதால்தான் அந்தக் கதை நிற்கிறது என்பது என் கட்சி. 1963-லிருந்து வாசகன் பார்த்து வந்த பெண் அவள். மறுதொடக்கத்தில் பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததற்குக் கிடைத்த வட்டி அந்த மரணம். 1-லிருந்து எண்ணியிருந்தால் அந்த வட்டி கிடைத்திருக்காது.

இப்போது 1991. கம்பெனி ரொனால்ட் பெரல்மேன் கைக்கு வந்து இரண்டு வருடம். ஜூலையில் மார்வெல் பங்குச்சந்தைக்கு வருகிறது. ஆகஸ்டில் 'எக்ஸ்-மென்' 1 என்று புதுத் தொடர், கிளேர்மான்ட் எழுத ஜிம் லீ ஓவியம். ஒரே கதைக்கு ஐந்து அட்டைகள்! 80 லட்சத்துக்கும் மேல் விற்று கின்னஸில் ஏறியது. 80 லட்சம் வாசகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் விலை ஏறும் என்று ஒரே ஆள் ஐந்தாறு பிரதி வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்தான். இன்னொன்றும் உண்டு. 1975-ல் முக்கியமாகப் பத்திரிகை ஸ்டாண்டுகளில்தான் விற்பனை, விற்காததைத் திருப்பிக் கொடுக்கலாம். 1991-ல் தனி காமிக்ஸ் கடைகளே பிரதானம். அங்கே கழிவு அதிகம், ஆனால் திருப்பி எடுக்க மாட்டார்கள். கம்பெனி கணக்கில் விற்பனை என்று ஏறியது கடைக்காரர் வீட்டில் சரக்காகக் குவிந்து கிடந்தது. ஊக வியாபாரம் சரிந்தபோது ஏராளமான கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு போட்டது. (கடன் வாங்கி ஸ்போர்ட்ஸ் அட்டை கம்பெனிகளை வாங்கியது போன்ற காரணங்களும் உண்டு. பழியை முழுக்க எக்ஸ்-மென் தலையில் போட முடியாது.) கதையை 16 வருடம் சுமந்த கிளேர்மான்ட் அந்தப் புதுத் தொடரின் மூன்றாவது இதழோடு வெளியேறிவிட்டார். அந்த 80 லட்சத்தில் ஒன்று இன்றும் சல்லிசாகக் கிடைக்கும். 1975-ன் 50 சென்ட் இதழ் நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர்.

அந்த ஆயிரங்களில் படைத்தவர்களுக்குப் பங்கு கிடையாது. பக்கக் கூலி வாங்கியதும் கதாபாத்திரம் கம்பெனி சொத்து. டிசிக்காக உருவாக்கிய லூசியஸ் ஃபாக்ஸ் என்ற சின்னப் பாத்திரம் பேட்மேன் படங்களில் வந்ததற்குத் தனக்குக் கிடைத்த பணம், வுல்வரினால் கிடைத்ததைவிட அதிகம் என்று லென் வைன் சொல்லியிருக்கிறார். காக்ரம் உடம்பு முடியாமல் கிடந்தபோது, 2004-ல்தான் மார்வெலோடு ஒரு உடன்பாடு வந்தது. 2006-ல் இறந்துவிட்டார். வைன் 2017-ல்.

94-லிருந்து தொடர்ந்து எண்ணிய அந்தப் பழைய தொடர் 2011-ல் 544-வது இதழோடு நிறுத்தப்பட்டது. அதன்பின் 'அன்கேனி எக்ஸ்-மென்' என்ற அதே பெயரில் 2011, 2013, 2016, 2018, 2024 என ஐந்து முறை அட்டையில் 1 போட்டுவிட்டார்கள்.