பெரும் ஆன்டெனா அணி

நெருக்கமான வைஃபை வலைகளில் ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குத் தரவு அனுப்ப, ஒரே அணுகல் புள்ளியில் பத்துக்கணக்கில் ஆன்டெனாக்களைப் பொருத்தும் முறை; ‘மாஸிவ் மைமோ’ என்பர். இதன் வேரான மைமோவை, அதாவது பல ஆன்டெனாக்களால் அனுப்பிப் பல ஆன்டெனாக்களால் பெறும் முறையை, 1992-இல் ஸ்டான்ஃபோர்டில் முன்வைத்தவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். முன்னர் இந்தியக் கடற்படையில் சோனார் வடிவமைத்தவர். 2014-இல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

தேவை எங்கே என்பதற்குக் கோலார் தங்கவயலின் கோரமண்டல் போன்ற பகுதிகளின் லைன் வீடுகளை நினைத்தால் போதும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கொரு ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. ஒரே சேனலில் ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். வேகம் குறைவதற்குப் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பே காரணம், சிக்னல் பலவீனம் அல்ல.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க, அணியில் ஒவ்வொரு ஆன்டெனாவும் அனுப்பும் அலையின் கட்டமும் வீச்சும் தனித்தனியே திருத்தப்படும். அலைகள் வேண்டிய போனில் ஒன்றுகூடும். பக்கத்து வீட்டுத் திசையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 64 ஆன்டெனாக்கள் கோட்பாட்டளவில் சுமார் 18 டெசிபல் ஆதாயம் தரும். 5 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 3 செ.மீ. என்பதால், 8×8 அணி ஏறத்தாழ ஒரு சாப்பாட்டுத் தட்டில் அடங்கும்.

சிக்கல் வேறிடத்தில். போன் நகர்ந்தால், இந்தத் திருத்தத்துக்காக எடுத்த அலைப்பாதையின் அளவீடு பழசாகிவிடும். திரும்ப அளக்கவே நேரம் செலவாகும். விலையும் மின்செலவும் வேறு. 5ஜி கோபுரங்களில் 64 ஆன்டெனா அணிகள் வழக்கமாகிவிட்டபோதும், வைஃபை 6 தரநிலை 8 தரவோடைகளோடு நிற்கிறது.