கடல்சார் தகவல் சேவை (இந்தியா)

கடலின் உஷ்ணநிலை, அலையின் உயரம், நீரோட்டத்தின் கதி முதலியவற்றை ஜனங்களுக்குப் பயன்படும் செய்தியாக்கி வழங்கும் பொருட்டு, ஹைதராபாத்தில் 1999-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் காரியங்களுள், மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிப்பதே மீனவர் ஜீவனத்தை மிகவும் நேராகத் தொடுவதாகும். செயற்கைக்கோள்கள் காட்டும் கடற்பரப்பின் வெப்ப வேறுபாட்டையும், நுண்தாவரங்களின் பச்சையத்தையும் ஒருசேர ஆராய்ந்து, இரை மிகுந்து மீன் திரளத்தக்க இடத்தை அனுமானித்து, கரையிலிருந்து அதன் திசை, தூரம், அங்குள்ள ஆழம் ஆகியவற்றைத் தமிழ் உள்ளிட்ட கடலோர பாஷைகளில் துறைமுகப் பலகை, வானொலி, கைபேசி வாயிலாக அறிவிக்கிறார்கள். தேடி அலைவதில் வீணாகும் டீசல் மிச்சப்படுவது, கடன்பட்டுப் படகு செலுத்துவோருக்குச் சாமானிய லாபமன்று. மேகம் அடர்ந்து மூடிய நாட்களில் செயற்கைக்கோளின் பார்வை தடைப்படுவதால் இவ்வறிவிப்பு வெளிவருவதில்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2007 முதல் அத்தகைய அபாயத்திற்கான முன்னெச்சரிக்கையையும் இம்மையமே விடுத்து வருகிறது.