மீட்டவர் கதையும் மீண்டவர் பாட்டும்

புத்தளம் நகருக்கு அணித்தே சிராம்பியடி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு வாழும் சில குடும்பத்தாரை ஊரார் காப்பிரியர் என்பர். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்கள் வீட்டிற் பேசுவது சிங்களம். வழிபடுவது கத்தோலிக்க ஆலயத்தில். விழாநாளிற் கூடிப் பாடுவதோ போர்த்துக்கேயத்திற் கிளைத்த ஒரு கலப்பு மொழியில். 'மஞ்சா' எனப்படும் அப்பாட்டுக்கு றபானும் சிரட்டையும் போத்தலும் கரண்டியுமே வாத்தியங்கள். மெல்லத் தொடங்கி, வரவர விரைந்து, ஆடாதவரையும் எழுப்பிவிட்டு முடியும் பாட்டு அது. பாடும் இளையோர் பலருக்குச் சொற்களின் பொருள் முழுதும் விளங்குவதில்லை. பொருள் மறந்த பின்னும் பாட்டை விடாத அம்மக்களின் வரலாறு நம் பாடநூல்களில் ஒரு பந்தியளவும் இடம்பெறவில்லை.

அடிமைமுறையைப் பற்றி நம் மாணவர் அறிவதெல்லாம் பெரும்பாலும் சாகசக் கதைகளின் வாயிலாகவே. அவ்வகைக் கதைகளுக்கு முன்னோடிகளில் ஒருவர் ஸ்கொத்லாந்து தேசத்து ஆர். எம். பலன்ரைன். 'பவளத் தீவு' என்னும் நூலாற் பெயர்பெற்ற அவர் ஆழ்ந்த கிறித்தவப் பற்றாளர். 1871ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றத் தெரிவுக்குழு ஒன்று கிழக்காபிரிக்க அடிமை வணிகத்தை விசாரித்தது. ஈராண்டு கழித்து, 1873இல், பலன்ரைன் அதே வணிகத்தைப் பொருளாகக் கொண்டு இளைஞர்க்கென ஒரு நாவல் எழுதினார். அதன் பெயர் 'பிளாக் ஐவரி'. நம் மொழியிற் 'கருந்தந்தம்' எனலாம். யானைத் தந்தத்தோடு சேர்த்து விற்கப்பட்ட மனிதச் சரக்கே அந்தக் கருந்தந்தம். கப்பல் மூழ்கிக் கரையேறிய ஹரோல்ட் என்னும் ஆங்கில இளைஞனும் டிஸ்கோ என்னும் மாலுமியும் அவ்வணிகத்தின் கொடுமைகளை நேரிற் கண்டு கொதிக்கின்றனர். இன்றும் மேற்கு நாடுகளிற் கிறித்தவ இளைஞர்க்கென எழுதப்படும் சாகச நாவல்கள் சில இதே வழியிற் செல்கின்றன: எங்கோ ஒரு சிறுமி கடத்தப்படுகிறாள், துணிவும் விசுவாசமும் மிக்க இளைஞர் சிலர் புறப்படுகின்றனர், பூட்டிய கதவு உடைகிறது, சிறுமி மீள்கிறாள்.

இக்கதைகளை நாம் இகழவில்லை. பிறர் துன்பம் கண்டு இளநெஞ்சு பதைப்பது நல்ல தொடக்கம். ஆனால் அத்தகைய கதையொன்றை வகுப்பில் நாம் சொல்லி முடித்த வேளையில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்கட உம்மாட பாஸ்போட்டும் அந்த வீட்டுக்காரங்கட கையிலதான் இருக்கு, சேர். அத யாரு போய் எடுத்துக் குடுக்கிற?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. நம்மிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடியே வரலாற்றைப் புரட்டினோம்.

முதலிற் பலன்ரைனின் கதைக்கே செல்வோம். அதிலே கொடியவர் யார்? அராபிய வணிகர், அவருக்கு இடங்கொடுத்த போர்த்துக்கேய அதிகாரிகள். மீட்பவர் யார்? ஆங்கிலேயர். நூல் வெளிவந்த அதே 1873இற் பிரித்தானியரின் நெருக்குதலாற் சன்சிபார் சுல்தான் பர்காஷ் அடிமைச் சந்தையை மூட உடன்பட்டார். அச்சந்தை நின்ற இடத்திலேயே ஆங்கிலிக்கன் பேராலயம் எழுந்தது. கதையும் நிகழ்ச்சியும் ஒன்றுக்கொன்று சான்று பகர்வதாய்த் தோன்றும்.

சிராம்பியடியிலிருந்து பார்ப்போர்க்கோ வேறொரு காட்சி தெரியும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவுக்கு அடிமைகளைக் கொணர்ந்தனர் என்பது உண்மையே. கொழும்பில் ஒல்லாந்தர் தம் அடிமைகளை வாவிக்கு அப்பால் இருத்திய இடமே இன்றைய கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் அதன் பெயர் நெடுங்காலம் 'அடிமைத் தீவு' என்றே இருந்தது. ஆயினும் கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியரும் சும்மா இருந்தாரல்லர். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்தில் ஆபிரிக்க அடிமைகள் விலைக்கு வாங்கப்பட்டுச் சிப்பாய்களாக்கப்பட்டனர். தம்மைப் போலவே அந்நியர்க்கு அடிபணிய மறுத்த கண்டியரோடு பொருதுமாறு அவர்கள் மலைக்காடுகளுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர், 1860களில், புத்தளத்தில் நின்ற ஆபிரிக்கப் படையணி கலைக்கப்பட்டது. அவர்கள் இங்கேயே குடியேறினர். ஊர் திரும்பக் கப்பலுமில்லை. கப்பல் வந்திருந்தாலும் எந்த ஊருக்குத் திரும்புவது? மீட்பவனாகக் கதையில் வரும் அரசு, இக்கரையில் விலை கொடுத்து வாங்கியவனாகவே நிற்கிறது.

சட்டத்தின் கதையும் இத்தகையதே. 1807இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பிரித்தானிய நாடாளுமன்றம், 1833இல் அடிமைமுறையையே ஒழித்தது என்று படிக்கிறோம். அந்த 1833ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள்புலங்களும், சென் ஹெலினாத் தீவும், இலங்கையும் அதற்கு உட்படா. மேலும், உடைமையாளர்க்கு இழப்பீடாக 2 கோடிப் பவுண் ஒதுக்கிய அச்சட்டம், தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவர்க்கு ஒரு சதமும் ஒதுக்கவில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக நீங்க 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் அந்நியன்மீது பழிசுமத்திவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையைப் படித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைக் கூறும் அந்நூலில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள்ளன. கோவியரும் நளவரும் பள்ளரும் தமிழராற் தமிழராகவே அடிமைப்படுத்தப்பட்டனர். தலைமை நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், 1816 ஓகஸ்ட் 12ஆம் நாளுக்குப் பின் பிறக்கும் அடிமைகளின் குழந்தைகளைச் சுதந்திரராகக் கொள்ள உடைமையாளர் இணங்கினர். பெற்றவள் அடிமை, பிள்ளை சுதந்திரன்! அத்தகைய வீட்டில் அத்தாய் எதை எண்ணித் தாலாட்டியிருப்பாள்? 1844க்குப் பின்னரும் கோயில் வாசலும் கிணற்றடியும் அம்மக்களுக்கு அடைபட்டே கிடந்தன. கதவைத் திறந்துவிடும் அதிகாரம் உள்ளவன் தன் வசதிக்கேற்பவே திறப்பான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் விடுதலை எவ்வாறு வந்தது? உலக வரலாறு விடை கூறுகிறது. ஹெயிற்றித் தீவின் அடிமைகள் 1791இற் கிளர்ந்தெழுந்து 1804இற் தமக்கென ஒரு நாட்டையே அமைத்தனர். 1831ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் யமெய்க்காவில் அடிமைகள் கூலி கேட்டு வேலையை நிறுத்தினர். அது பெருங்கிளர்ச்சியாய் மூண்டது. அதன் தலைவர் சாமுவேல் ஷார்ப். அவரும் ஓர் அடிமை. பப்திஸ்து சபையில் உபதேசித்தவர். வேதாகமத்தைப் படித்து, மனிதன் மனிதனை உடைமையாக வைத்திருக்க நியாயமில்லை என்று கண்டவர். 1832 மே மாதத்தில் அவரைத் தூக்கிலிட்டனர். அடுத்த ஆண்டே ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. இலண்டனில் வில்பர்போர்ஸ் போன்றோர் செய்த தொண்டை நாம் மறுக்கவில்லை; ஆனால் அந்தத் தொண்டுக்கு ஷார்ப்பும் அவர் தோழரும் உயிரை விலையாகச் சேர்த்தனர். கிறித்தவ இளைஞர்க்கு ஒரு சாகச நாயகன் வேண்டுமாயின், அவர்களுடைய மறையைக் கையிலேந்திய இவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இனி நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். சர்வதேச தொழில் அமைப்பும் பிறவும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட கணிப்பின்படி, 2021இல் உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் நவீன அடிமை நிலையில் இருந்தனர்; அவருள் 2 கோடியே 76 இலட்சம் பேர் கட்டாய உழைப்பில் அகப்பட்டவர். இன்றைய விலங்கு இரும்பாலானதன்று. முகவருக்குக் கொடுக்கப் பட்ட கடன் ஒரு கண்ணி. எசமானின் பெயரோடு பிணைந்த விசா ஒரு கண்ணி. அவன் அலுமாரியிற் பூட்டிய கடவுச்சீட்டு ஒரு கண்ணி. வளைகுடா வீடுகளில் உழைக்கும் எல்லாருமே அடிமைகள் என்று நாம் கூறவில்லை. ஆனால் விட்டு விலகும் உரிமை இல்லாத இடத்தில், நல்ல எசமானுக்கும் தீய எசமானுக்கும் உள்ள வேறுபாடு வெறும் அதிர்ஷ்டமே.

இக்கண்ணிகளை அறுக்கும் முயற்சி எங்கே தொடங்கியது? வீட்டுவேலை செய்யும் பெண்களே பல நாடுகளிற் சங்கமாய்த் திரண்டு ஜெனீவா வரை சென்று வாதாடினர். 2011இற் சர்வதேச தொழில் அமைப்பு 189ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றது. கடவுச்சீட்டைத் தம்மிடமே வைத்திருக்கும் உரிமை அப்பெண்களுக்கு உண்டு என்று அது கூறுகிறது. அச்சமவாயம் தானாக எந்த அலுமாரியையும் திறவாது என்பதை அறிவோம். எனினும், "அதை யார் போய் எடுத்துக் கொடுப்பது?" என்ற கேள்விக்கு, "உன் உம்மாவைப் போன்றோரே கூடி, அதைத் தம் உரிமையென எழுதுவித்தனர், அதை நடைமுறையாக்கும் வேலை நமக்கும் உனக்கும் மிஞ்சியிருக்கிறது" என்று இப்போது சொல்ல முடிகிறது. மறுவாரம் அவ்வாறே சொன்னோம். அவள் சிரிக்கவில்லை, சமவாயத்தின் இலக்கத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

ஆசிரிய நண்பர்களே, பள்ளிச் சுற்றுலாவில் மாணவர்க்குக் கற்பிட்டிக் கோட்டையைக் காட்டுகிறோம். ஒல்லாந்தர் கட்டிய மதிலின் கனத்தை வியக்கச் சொல்கிறோம். அடுத்த முறை திரும்பும் வழியிற் சிராம்பியடியிலும் வண்டியை நிறுத்துவோம். வேடிக்கை பார்க்க வேண்டா; அங்குள்ள மூத்தோர் இசைந்தால் அவர்கள் பாட்டைக் கேட்போம், அவர்கள் கதையை அவர்கள் வாயாலேயே கேட்போம். பெயரும் ஊரும் மொழியும் பறிக்கப்பட்டவர்கள், பறித்தவன் மொழியிலேயே தமக்கென ஒரு பாட்டைக் கட்டி இத்தனை தலைமுறை காத்த சாகசத்தை எழுத, இக்கரையின் பிள்ளைகளிலேயே ஒருவர் நாளை முன்வரட்டும்.